ஜிங்க் ஆக்சைடு பொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாலக்கோட்டிலிருந்து தினமும் தருமபுரிக்குப் போய் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "ப்ராஜெக்ட்டுக்கு ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் செய்யச் சொல்லியிருக்கிறார் கைடு. அறிமுகத்தில் 'டிரான்சிஸ்டர், சோலார் செல், எல்.இ.டி. மூன்றுக்கும் பயன்படும்' என்று எழுதச் சொல்கிறார். ஒரே பொடி மூன்றுக்கும் எப்படி அண்ணா? சீனியர்கள் எல்லோரும் இதையே செய்திருக்கிறார்கள். இந்தத் துறையில் பி.எச்.டி. போகலாமா?"

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. இதே மாதிரி பொடியில் தொடங்கி, பெங்களூரில் பல வருஷம் குறைகடத்திப் படலங்களோடு மல்லுக்கட்டியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கம். பயன்படும் என்பது பொய்யில்லை. ஆனால் உங்கள் பொடி அந்த மூன்றில் எந்த இடத்தில் உட்காரும், அதைக் கெடுப்பது எது என்று தெரியாமல் அந்த வரியை எழுதினால் அது வெறும் வரிதான். கெடுப்பது பெரும்பாலும் பொருளின் உள்பக்கம் அல்ல, மேற்பரப்பு. நானோ என்று வந்துவிட்டாலே மேற்பரப்புதான் எஜமான்.

பேண்ட் கேப்பிலிருந்து ஆரம்பிப்போம். எலக்ட்ரான் கட்டுண்ட நிலையிலிருந்து ஓடித் திரியும் நிலைக்குத் தாவ வேண்டிய உயரம் அது. சிலிக்கானுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட். உங்கள் ஜிங்க் ஆக்சைடுக்குச் சுமார் 3.3. 1240ஐ இந்த எண்ணால் வகுத்தால் எந்த அலைநீளம் வரை ஒளியை உறிஞ்சும் என்பது நானோமீட்டரில் கிடைக்கும். சிலிக்கான் 1100 வரை, அதாவது அகச்சிவப்புக்குள்ளேயே போய்விடுகிறது. ஜிங்க் ஆக்சைடு 376இல் நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுக்க அதன் வழியாகப் போய்விடும், புற ஊதாவை மட்டும்தான் பிடிக்கும். வெயிலை உறிஞ்சி மின்சாரம் தரும் வேலை இதற்கு ஆகாது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படியும் சோலார் செல்லில் இதற்கு இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

அளவு எங்கே வருகிறது? புல்லாங்குழலில் காற்று அதிரும் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுகிறது அல்லவா, அதே கதைதான். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) உலவ இடம் போதாமல் துகளைச் சின்னதாக்கினால் அவற்றின் ஆற்றல் ஏறும், பேண்ட் கேப் விரியும். காட்மியம் செலினைடு இதற்குப் பிரபலமான உதாரணம். கட்டியாக இருக்கும்போது 1.74 எலக்ட்ரான் வோல்ட். அதையே 6 நானோமீட்டர் துகளாக்கினால் சிவப்பாக ஒளிரும், 2 நானோமீட்டருக்கு இறக்கினால் நீலத்துக்குப் போய்விடும். வேதிப்பொருள் ஒன்றுதான், அளவுதான் நிறத்தை மாற்றுகிறது. அலெக்ஸி எகிமோவ் 1980களின் தொடக்கத்தில் கண்ணாடிக்குள் இதைப் பார்த்தார். லூயிஸ் ப்ரூஸ் கரைசலில் மிதக்கும் துகள்களில் பார்த்தார். எல்லாத் துகளும் ஒரே அளவில் வரும்படி சமைக்கும் முறையை மௌங்கி பவெண்டி 1993இல் கொடுத்தார். மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல்.

இங்கேதான் நம் பக்கத்து ப்ராஜெக்ட்டுகள் வழுக்கும். எந்த அளவுக்குக் கீழே போனால் இந்த விளைவு தெரியும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். லெட் சல்பைடில் எலக்ட்ரான், துளை ஜோடியின் போர் (Bohr) ஆரம், அதாவது அந்த ஜோடி இயல்பாக விரிந்திருக்கும் அளவு, 18 நானோமீட்டர், அதனால் கொஞ்சம் சின்னதானாலே விளைவு தெரியும். ஜிங்க் ஆக்சைடுக்கு அது சுமார் 2 நானோமீட்டர்தான். உங்கள் எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர்ச் சிதறல்) முகட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைக் கணக்கிடும் ஷெர்ரர் சூத்திரம் 30 நானோமீட்டர் என்று சொன்னால் அங்கே குவாண்டம் விளைவு எதுவும் இல்லை. ஆனாலும் டாக் ப்ளாட் (ஒளி உறிஞ்சலிலிருந்து பேண்ட் கேப்பை எடுக்கும் வரைபடம்) வரைந்து, '3.3 எதிர்பார்த்தோம், 3.21 வந்தது, காரணம் குவாண்டம் கன்ஃபைன்மென்ட்' என்று எழுதிய ஆய்வேடுகளை எத்தனையோ புரட்டியிருக்கிறேன். கன்ஃபைன்மென்ட் (இட நெருக்கடி) என்றால் பேண்ட் கேப் ஏற வேண்டும், இங்கே இறங்கியிருக்கிறது! அந்த 0.1 வித்தியாசம் பெரும்பாலும் ஸ்கேலை எங்கே வைத்துக் கோடு போட்டோம் என்பதிலிருந்து வருவது. நானும் என் முதல் அறிக்கையில் இதைச் செய்தவன்தான், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

சரி, மேற்பரப்பு. நம் ஊர் மாங்காய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி நிறைய ஏற்றினால் பலகையில் உரசி அடிபடுவது ஓரத்துக் காய்கள் மட்டும், மொத்தத்தில் அது சொற்பம். அதே காயைச் சின்னச் சின்னக் கூடையில் போட்டால் கிட்டத்தட்டப் பாதிக் காய்கள் ஓரத்தில்தான் இருக்கும். 3 நானோமீட்டர் காட்மியம் செலினைடு துகளில் ஏறக்குறைய 500 அணுக்கள்தான் இருக்கும். கணக்குப் போட்டால் அதில் பாதி மேற்பரப்பில். உள்ளே இருக்கும் அணுவுக்கு நாலு பக்கமும் கை பிடிக்க ஆள் உண்டு. ஓரத்து அணுவுக்கு ஒன்றிரண்டு கை அந்தரத்தில் தொங்கும். எலக்ட்ரான் அந்தத் தொங்கும் பிணைப்பில் மாட்டிக்கொண்டால், அதன் ஆற்றல் ஒளியாகவும் வராமல் மின்னோட்டமாகவும் வராமல் சூடாகப் போய்விடும்.

இது நானோ காலத்துப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 1947இல் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில்தான் பிறந்தது. எலக்ட்ரான் ஓடும் வேகத்தில் சிலிக்கானைவிட ஜெர்மானியம் மேல். ஆனாலும் தோற்றது. முக்கியமான காரணம் ஆக்சைடு. சிலிக்கானைச் சூடாக்கினால் அதன் மேல் வளரும் ஆக்சைடு அழுத்தமாக ஒட்டி, தொங்கும் கைகளையெல்லாம் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஜெர்மானியத்தின் ஆக்சைடோ தண்ணீரில் கரையும் சமாசாரம். அதே பெல் ஆய்வகத்தில் 1950களின் கடைசியில் முகமது அட்டாலா இந்த ஆக்சைடு வித்தையைத் தெளிவாக்கினார். அவரும் டாவன் காங்கும் சேர்ந்து செய்ததுதான் இன்று எல்லாச் சிப்பிலும் இருக்கும் மாஸ் (MOS: உலோகம், ஆக்சைடு, குறைகடத்தி) டிரான்சிஸ்டர். பொருளின் குணத்தைவிட அதன் தோல் நன்றாக இருந்தது, அதனால் ஜெயித்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். மூன்று கருவிக்கும் வேண்டியது வேறு வேறு. எல்.இ.டி.யில் எலக்ட்ரானும் துளையும் ஒரே இடத்தில் சந்தித்து ஒளியாக வேண்டும். சோலார் செல்லில் ஒளி பிறப்பித்த ஜோடி பிரிந்து ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேற வேண்டும். டிரான்சிஸ்டரில் ஜோடியே வேண்டாம், ஒரே வகை மின்சுமை தடங்கலில்லாமல் ஓட வேண்டும், கேட் (ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்முனை) சொன்னால் நிற்க வேண்டும்.

குவாண்டம் டாட்டை (மேலே சொன்ன, அளவால் நிறம் மாறும் நானோ துகள்) கரைசலில் செய்யும்போது அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுற்றிலும் நீண்ட கரிமச் சங்கிலிகளை ஒட்டவைப்பார்கள். ஓலியிக் அமிலம் வழக்கமான ஒன்று. நம் ஊர்க் கடலை எண்ணெயில் பெரும்பங்கு இருக்கும் அதே கொழுப்பமிலம்தான், 18 கார்பன் நீளம். எல்.இ.டி.க்கு இந்தப் போர்வை பரவாயில்லை, இன்னும் தடிமனாகக்கூடப் போர்த்தலாம். 1996இல் சிகாகோவில் காட்மியம் செலினைடைச் சுற்றி ஜிங்க் சல்பைடு ஓடு போட்டபோது ஒளிரும் திறன் 50 சதவீதத்துக்கு ஏறியது. ஓரத்துக் கைகளை ஓடு கட்டிப்போட்டதுதான் காரணம். ஆனால் அதே போர்வையோடு டிரான்சிஸ்டர் செய்தால்? எலக்ட்ரானுக்கு அந்தச் சங்கிலி ஒரு மதில். தாண்டவே முடியாது. அதனால் நீண்ட சங்கிலியை உரித்துவிட்டு அயோடைடு, சல்பைடு மாதிரி குட்டையானவற்றை மாட்டுகிறார்கள். உரிக்கும்போது மறுபடி சில கைகள் அந்தரத்தில் தொங்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் விலகும் குட்டைப் போர்வை. இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி, பல பெயர்களில், இந்த இழுபறியைப் பற்றியதுதான்.

சோலார் செல்லுக்கும் எல்.இ.டி.க்கும் தேவை நேர் எதிர் என்று தோன்றும். பாதிதான் உண்மை. கம்பிகளைக் கழற்றிவிட்டுச் சோலார் செல்லை வெயிலில் வைத்தால் பிறந்த ஜோடிகள் எப்படியும் ஒன்றுசேர்ந்தாக வேண்டும். அவை ஒளியாகச் சேர்ந்தால் செல்லின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். ஓரத்துக் குறைகளில் மாட்டிச் சூடாகச் சேர்ந்தால் வோல்டேஜ் சரியும். ஆகவே நல்ல சோலார் செல் என்பது நன்றாக ஒளிரத் தெரிந்த பொருளாகவும் இருக்க வேண்டும். முதல் முறை கேட்டபோது எனக்கு இது விதண்டாவாதமாகத்தான் பட்டது. ஆனால் கேலியம் ஆர்சனைடு செல்லின் திறனை 29 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோனது இந்த யோசனைதான். பொருள் இரண்டுக்கும் ஒன்றே, வாசல் வைப்பதில்தான் வித்தியாசம்.

அந்த வாசலில்தான் உங்கள் ஜிங்க் ஆக்சைடு வருகிறது. எலக்ட்ரானை உள்ளே விடும், துளையை மறிக்கும், ஒளியையும் தடுக்காது. வாசல்காரனுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? குவாண்டம் டாட் எல்.இ.டி.களில் எலக்ட்ரான் ஊட்டும் அடுக்காக ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்களைத்தான் பரவலாகப் போடுகிறார்கள். லெட் சல்பைடு, கரிமச் சோலார் செல்களிலும் அதே வேலை. டிரான்சிஸ்டரில் இதன் உறவுக்காரப் பொருள் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. இண்டியம், கேலியம், ஜிங்க் சேர்ந்த ஆக்சைடில் வளையக்கூடிய டிரான்சிஸ்டரை டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிதியோ ஹொசோனோவின் குழு 2004இல் காட்டியது. இன்று பல ஓ.எல்.இ.டி. டி.வி.களில் ஒவ்வொரு புள்ளியையும் ஏற்றி இறக்குவது அதுதான். அதே ஜிங்க் ஆக்சைடு காலமைன் லோஷனிலும் டயர் ரப்பரிலும் கிடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஜிங்க் ஆக்சைடை மட்டும் வைத்து எல்.இ.டி. செய்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். எலக்ட்ரான் மிகுந்த 'என்' (n) வகையாகத் தானாகவே வந்துவிடும். துளை மிகுந்த பி வகையாக, செய்தவருக்கே மறுமுறை வரும்படி, நம்பகமாக இன்னும் யாராலும் செய்ய முடியவில்லை. கேலியம் நைட்ரைடும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தது. மெக்னீசியம் சேர்த்தும் பி வகை வரவில்லை. 1989இல் அகாசாகியும் அமானோவும் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியபோது திடீரென வந்தது. பிறகு நகாமுரா காரணத்தைக் கண்டுபிடித்தார்: வளர்க்கும்போது உள்ளே நுழைந்த ஹைட்ரஜன் மெக்னீசியத்தைக் கட்டிப்போட்டிருந்தது. வெறுமனே சூடாக்கினாலே அது ஓடிவிடும். நீல எல்.இ.டி. அங்கிருந்து வந்தது, மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல். ஜிங்க் ஆக்சைடுக்கு அப்படி ஒரு திருப்பம் வருமா என்று இருபது வருஷமாகப் பலர் காத்திருந்து, வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இடையில் ஒரு சந்தேகம் நிவர்த்தி. கடையில் 'க்யூஎல்இடி' என்று விற்கும் டி.வி.யில் குவாண்டம் டாட்டுக்கு மின்சாரமே போவதில்லை. பின்னால் நீல எல்.இ.டி. எரிகிறது, டாட்கள் உள்ள பிலிம் அதை உறிஞ்சிச் சுத்தமான பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். டாட்டுக்குள்ளேயே மின்சாரம் பாய்ச்சி ஒளிரவைப்பதில் நீல நிறத்தின் ஆயுள்தான் இன்னும் இடிக்கிறது.

டிரான்சிஸ்டர் பக்கம் சுருக்கமாகப் பார்க்கலாம். '3 நானோமீட்டர் சிப்' என்பது வியாபாரப் பெயர், அதில் 3 நானோமீட்டரில் கேட் எதுவும் இல்லை. புதிய சிப்புகள் சிலவற்றில் நிஜமாக நடந்திருப்பது, சிலிக்கானை மெல்லிய தகடுகளாக அடுக்கி நாலு பக்கமும் கேட் சுற்றி வரும்படி செய்தது. சிலிக்கானை இன்னும் மெலிதாக்கினால் மேற்பரப்பின் மேடுபள்ளத்திலேயே எலக்ட்ரான் முட்டி நின்றுவிடும். இதனால்தான் மாலிப்டினம் டைசல்பைடு மேல் எல்லோருக்கும் கண். ஒரு அடுக்கு 0.65 நானோமீட்டர், இயற்கையாகவே தொங்கும் கை இல்லாத மேற்பரப்பு. 2011இல் சுவிட்சர்லாந்தில் ஒற்றை அடுக்கில் நல்ல டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். அப்புறம் பத்து வருஷம் உலோகத்தை அதன் மேல் வைக்கும் இடத்திலேயே மின்தடை எகிறிக்கொண்டிருந்தது. 2021இல்தான் பிஸ்மத்தைத் தொடுமுனையாக வைத்து அதை வெகுவாக இறக்கினார்கள். மறுபடி பாருங்கள், பொருளில் கோளாறு இல்லை, இரண்டு பொருள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான்.

பெரோவ்ஸ்கைட் (ஈயம், அயோடின், கரிமப் பகுதி சேர்ந்து, ஒளியை உறிஞ்சும் ஒருவகைப் படிகம்) பற்றிப் பேசாமல் சோலார் செல்லை முடிக்க முடியாது. 2009இல் மியாசாகாவின் குழு 3.8 சதவீதத்தில் ஆரம்பித்தது, இன்று 26ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மேல் அடுக்கினால் 34க்கு மேல். ஷாக்லி, குவைசர் இருவரும் 1961இல் காட்டிய வழியில் கணக்கிட்டால் ஒற்றைப் பொருளுக்கு எல்லை சுமார் 33 என்பதை நினைத்தால் இந்த அடுக்கின் அருமை புரியும். சிலிக்கான் செதில் நூற்றைம்பது மைக்ரான் அளவுக்குத் தடிமன் என்றால் பெரோவ்ஸ்கைட்டுக்கு அரை மைக்ரான் போதும்.

ஆனால் அதன் தோல் ரொம்ப மோசம். ஒரு ஐப்பசியில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று கண்ணாடித் துண்டில் பூசிய பெரோவ்ஸ்கைட் படலத்தைப் பெட்டியில் மூடி ஊருக்கு எடுத்து வந்தேன். கிளம்பும்போது கண்ணாடி மாதிரி பளபளவென்று கறுப்பு. ஊரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது. ஈரம் ஏறிக் கரிமப் பகுதி பிரிந்துபோக, லெட் அயோடைடு மட்டும் மிச்சம். பிள்ளைகளிடம் 'இதுதான் பிரச்சினை' என்று அதையே காட்டிவிட்டு வந்தேன். உள்ளே இருப்பது ஈயம் என்பதால் யாரையும் தொட விடவில்லை. நீங்களும் காட்மியம், ஈயம் கலந்தவற்றைப் புகைப்போக்கி அலமாரி இல்லாத ஆய்வகத்தில் தொடாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கணக்கும் சொல்கிறேன். பேனலின் திறனை 25 டிகிரியில் அளந்துதான் எழுதுவார்கள். சித்திரை வெயிலில் தருமபுரி மாடியில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் போய்விடும். கல் குவாரிப் பக்கம் இருந்தால் தூசியும் சேர்ந்துகொள்ளும். மாடியில் இருப்பதை வாரம் ஒரு தரம் துடைக்கச் சொல்லுங்கள், எந்த நானோ பொருளும் உங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் அவ்வளவு தராது.

பி.எச்.டி. போகலாமா? பொருளைத் 'தயாரித்து, படம் எடுத்து, கட்டுரை போடும்' இடத்துக்கு வேண்டாம். கருவியாகச் செய்து அளக்கும் இடத்துக்குத் தாராளமாகப் போங்கள். சேரும் முன் அங்கே படிக்கும் ஒருவரிடம், 'கடைசியாக எந்த செல் அல்லது டிரான்சிஸ்டரை அளந்தீர்கள், எத்தனை பழுதானது' என்று கேளுங்கள். எத்தனை பழுதானது என்பதற்குப் பதில் இருந்தால் நல்ல ஆய்வகம். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யின் நானோ அறிவியல் மையமும் ஜவகர்லால் நேரு மையமும் உங்களிடமிருந்து ஒரு ரயில் தூரம்தான். கிருஷ்ணகிரிக்காரனான எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பஸ்தான். ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி.களின் தூய அறைகளில் வெளிக் கல்லூரிக்காரர்கள் பயிற்சி எடுக்கவும் தங்கள் மாதிரியைச் செய்து பார்க்கவும் ஐ.என்.யு.பி. என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. உங்கள் கைடு வழியாக விண்ணப்பித்துப் பாருங்கள். உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் (GATE) தேர்வுகள் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஓசூரில் கைப்பேசிப் பாகம் செய்யும் ஆலைகள் வந்திருப்பதைப் பார்த்து 'சிப் வேலை பக்கத்திலேயே கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சிப் அடிக்கும் ஆலை வேறு ரகம்.

அது பிறகு. இந்தப் பருவத்திலேயே, இருக்கும் பொடியை வைத்து ஒன்று செய்யலாம். கண்ணாடித் துண்டில் ஜிங்க் ஆக்சைடைக் கெட்டியாகப் பூசி, உலையில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு சில்வர் பேஸ்டில் இரண்டு கோடு. இருட்டில் மல்டிமீட்டர் அனேகமாக எண்ணே காட்டாது. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை, 365 நானோமீட்டர் என்று எழுதியிருப்பதை வாங்கி, அதன் மேல் அடியுங்கள். மின்தடை மளமளவென இறங்க வேண்டும். டார்ச்சை அணைத்தால் உடனே ஏறாது, நிமிஷக் கணக்கில் இழுக்கும். இருட்டில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும். புற ஊதா பிறப்பிக்கும் துளை அந்த ஆக்சிஜனை விடுவித்துவிடும். டார்ச்சை அணைத்த பிறகு ஆக்சிஜன் திரும்ப வந்து ஒட்டுவதற்குத்தான் அந்த நேரம். உள்ளே நடப்பது மட்டும் என்றால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்திருக்கும்.

வெயில் காயும் மதியம் ஒரு முறை, மழை பெய்த மறுநாள் காலை ஒரு முறை, பத்து விநாடிக்கு ஒரு தரம் மின்தடையைக் குறித்துக்கொண்டு அளங்கள். அறையின் ஈரப்பதத்தையும் எழுதிவையுங்கள். ஈரம் மேற்பரப்பை மாற்றுவதால் இரண்டு வளைகோடும் வேறு வேறாக வர வேண்டும்; ஒன்றாக வந்தால் தொடுமுனையைச் சந்தேகப்படுங்கள், பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி போடுங்கள்.